காந்தம் ஒட்டாத இடம்

மாடியிலிருந்து முற்றத்துக்குத் தொங்கும் கூடைக் கயிறு இரண்டு முறை ஆடினால் கரீமானுக்குக் காலை உணவு வேண்டும் என்று பொருள். அதற்கு மேல் ஆடினால் சண்டை வேண்டும் என்று பொருள். அந்த வெள்ளிக்கிழமை காலையில் கயிறு ஆடிய ஆட்டத்தில் மாடிக் கம்பியில் காயப் போட்டிருந்த போர்வையே நழுவி விழப் பார்த்தது.

இன்சாஃப் ஃபூல் மொச்சை வேகும் பானைக்கு அடியில் தீயைக் குறைத்துவிட்டு மாடி முகப்புக்கு ஓடினாள். கீழே முற்றத்தில் கணவனின் அக்கா கரீமான், ஒரு கையில் கயிற்றைப் பிடித்து மறு கையை இடுப்பில் ஊன்றி, அண்ணாந்து நின்றிருந்தாள்.

"ஃபூல் இன்னும் குழையல அண்ணி. ரொட்டியை மட்டும் இறக்கட்டுமா?"

"ரொட்டி கிடக்கட்டும். வியாழக்கிழமை யார் யாரு எதுல போறதுன்னு முடிவு பண்ணிட்டேன், கேட்டுக்கோ. அப்பா வண்டியில பின்னாடி பொண்ணும் மாப்பிள்ளையும். முன்னாடி நான். எந் தம்பி ஷஹாத்தா ஓட்டுவான். மத்தவங்களுக்கு மினிபஸ் பேசியாச்சு."

"மத்தவங்கன்னா..."

"மத்தவங்கன்னா நீதான். வேற யாரு?"

இன்சாஃப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது ஏழு பேர் உட்கார்ற வண்டி அண்ணி. நடு சீட்டுல ஒரு ஓரமா..."

"இடமெல்லாம் இருக்கு. உனக்கு இல்ல. எங்கப்பா வண்டியை உப்புத் தண்ணி ஊத்திக் கொன்னவ அதுல கால் வைக்கக் கூடாது. உப்பைத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். போ, போய் ஃபூலைப் பாரு, அடி பிடிச்சிடப் போகுது."

எதிர் வீட்டு ஜன்னல்கள் மூன்றும் திறந்திருந்தன. அன்ஃபூஷிப் பேட்டையில் கடலுக்கு இரண்டே தெரு தள்ளி இருக்கும் அந்தச் சந்தில், காற்று நுழையாத வீட்டுக்குள்ளும் பக்கத்து வீட்டுச் சண்டை நுழைந்துவிடும். இன்சாஃப் யாரையும் பார்க்காமல் உள்ளே திரும்பினாள். போகிறவள் அவள் வயிற்றில் பிறந்த மகள். ஒரே மகள் நிஸ்மா. அவள் மணப்பெண்ணாக வீட்டை விட்டுப் புறப்படும்போது பெற்றவள் மினிபஸ்ஸில், வாடகை நாற்காலிகளுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் நடுவில் வரவேண்டுமாம்.

இந்த இடத்தில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரீமானுக்கும் ஷஹாத்தாவுக்கும் அப்பா, காலஞ்சென்ற ஹாஜி அத்தியா, ஆசை ஆசையாக வாங்கிய நீளமான பிரெஞ்சு வண்டி அது. பாலாடை நிறம். அவர் சாகும்போது சாவியை மூத்தவள் கரீமான் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீட்டிலிருந்து எந்தப் பெண் கல்யாணமாகிப் போனாலும், எந்தப் பெண் அந்த வீட்டுக்கு வாழ வந்தாலும் அதில்தான். இன்சாஃபே அதில்தான் வந்தாள். கடற்கரைச் சாலை நெடுக ஹாரன் அடித்துக்கொண்டு, மாமனாரே ஓட்டிக்கொண்டு வந்தார். வழியில் வண்டியை நிறுத்தி மருமகளுக்கு அவித்த சோளம்கூட வாங்கிக் கொடுத்தார். மணப்பெண் சோளம் கொறித்துக்கொண்டு வந்து இறங்கினாள் என்று சந்தே ஒரு மாதம் சிரித்தது.

ஹாஜி அத்தியாவைக் கொண்டுபோனது ஃபஸீக். உப்பில் ஊறி நொதித்த மடவை மீன். வசந்தப் பண்டிகையன்று அது இல்லாமல் யாரும் பந்தி விரிக்க மாட்டார்கள். வைத்தியர் உப்பைத் தொடாதே என்று சொல்லியும் ஹாஜி தொட்டார். தொட்டது மட்டுமல்ல, இரண்டாவது மீனையும் கேட்டு வாங்கினார். ரத்தக் கொதிப்பு தலைக்கேறி அன்று மாலையே மகள் மடியில் தலை சாய்த்துவிட்டார். ஷஹாத்தாவுக்கும் அதே கொதிப்பு உண்டு. அம்மா இல்லாத தம்பியைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள் கரீமான். அவள் அப்பாவின் கட்டிலைப் பிடித்தபடி தம்பியிடம் சத்தியம் வாங்கினாள். "இனிமே ஃபஸீக்கை வாயில வச்சேன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே நான் தன்தாவுக்கு, எம் புருஷன் வீட்டு ஆளுங்ககிட்டப் போயிடுவேன். உன்னையும் புதைக்க எனக்குத் தெம்பு இல்லடா."

ஷஹாத்தா சத்தியம் செய்தார். ஒரு வருஷம் காப்பாற்றவும் செய்தார்.

அடுத்த வருஷம் ஒரு நாள் கரீமான் வண்டியின் கதவைத் திறந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினாள். வண்டிக்குள் நாற்றம் குடலைப் பிடுங்கியது. இன்சாஃப் கணவனின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துபோயிற்று. டிராம் ஓட்டப் போகிறவர் ஏன் தினமும் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்குகிறார், ஏன் கடலோரம் நிறுத்தி அரைமணி நேரம் "காற்று வாங்கி"விட்டு வருகிறார், சட்டைப் பையில் ஏன் வெங்காயத் தோல் கிடக்கிறது, எல்லாம் புரிந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கருவிகள் வைக்க ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் ஃபஸீக் அடைத்த கண்ணாடிக் குப்பிகள். வெயிலில் ஒன்று வெடித்திருக்கிறது.

ஷஹாத்தாவின் உதடுகள் வெளுத்திருந்தன. கரீமான் வண்டிக் கதவை விடாமல் இறுகப் பிடித்திருந்தாள். அது கோபத்தில் பிடித்த பிடி இல்லை, பயத்தில் பிடித்த பிடி. அதைப் பார்த்தபோது இன்சாஃபின் வாய் தானாகத் திறந்தது.

"நான்தான் அண்ணி. எங்கம்மா வீட்டுக்கு ஒரு டின் ஃபஸீக் எடுத்துட்டுப் போனேன். பின்னாடி டிக்கியில கவுந்துடுச்சு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றிலிருந்து பத்து வருஷம் இன்சாஃபுக்கு அந்த வீட்டில் "உப்புக்காரி" என்று பெயர். சாவி அதன் பிறகு கரீமானின் கையை விட்டு இறங்கவில்லை, பெட்டியைக் காலி செய்ய யாருக்கும் வாய்க்கவில்லை. கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து வண்டியின் அடித்தகட்டை அரித்தன. ஒருநாள் டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது கரீமானின் வலது கால் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், செருப்பு தண்டவாளத்திலேயே தங்கிவிட்டது. அந்தச் செருப்புக்கும் இன்சாஃப்தான் திட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு வண்டி முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துவிட்டது.

இப்போது அதை எழுப்பிக்கொண்டிருப்பவன் மாப்பிள்ளை பஸ்யூனி. டிங்கர் வேலை பார்க்கிறவன். நிஸ்மாவைப் பெண் பார்க்க வந்த அன்றே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உயிர் இருக்கு ஹஜ்ஜா. அடி தகடு மட்டும்தான் போயிருக்கு. நம்ம வீட்டு முற்றத்துலயே வெல்டிங் போட்டுப் பத்த வச்சுடலாம்" என்று கரீமானிடம் சொன்னான். அவள் சம்மதத்தில் பாதி அந்த வார்த்தைக்குக் கிடைத்தது. மறு பாதிக்குக் காந்தம் தேவைப்பட்டது.

கரீமானின் கைப்பையில் மீன் வடிவத்தில் ஒரு காந்தம் எப்போதும் இருக்கும். நிச்சயத்தன்று பஸ்யூனி கொண்டுவந்த வளையலையும் மோதிரத்தையும் சபையிலேயே அதை வைத்துப் பார்த்தவள் அவள். "தங்கத்துல ஒட்டக் கூடாது, இரும்புல ஒட்டியே ஆகணும். என்கிட்ட அவ்வளவுதான் சட்டம்" என்றாள். வண்டி வேலை தொடங்கிய பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதவோரம், மட்கார்டு, படிப்பட்டை என்று காந்தத்தைத் தடவிப் பார்ப்பாள். பட்டி பூசி மழுப்பிய இடத்தில் காந்தம் விழுந்துவிடும். பஸ்யூனி வேலை செய்த இடத்தில் ஒருமுறையும் விழவில்லை.

ஒட்டுப் போடத் தகடு தேடியபோது, இன்சாஃப் தன் சீராக வந்த பழைய சலவை இயந்திரத்தைக் காட்டினாள். ஓடாமல் நின்று நாளாகியும் யாரும் அதைத் தொட அவள் விட்டதில்லை. "பக்கத் தகடு நல்ல கனம். வெட்டிக்கோ தம்பி" என்றாள். பஸ்யூனி பூச்சைச் சுரண்டி எடுத்து, அட்டையில் அளவு வெட்டி வைத்துப் பார்த்து, தகட்டை வெட்டினான். வண்டியின் பாதித் தரை இப்போது இன்சாஃபின் சீர்வரிசைதான். அந்தத் தரையில்தான் அவள் கால் வைக்கக் கூடாதாம்.

அடுக்களையில் ஷஹாத்தா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தார்.

"கேட்டுச்சு. நான் அக்காகிட்ட சொல்லிடறேன் இன்சாஃப். இதுக்கு மேல தாங்காது."

"சொல்லாதீங்க. உங்கக்கா சொன்னா சொன்னபடி செய்வாங்க. கல்யாண வாரத்துல மூட்டை கட்டிக்கிட்டுத் தன்தாவுக்குப் போயிட்டா, நிஸ்மா மூஞ்சியை யார் பார்க்கறது? நான் மினிபஸ்ல வரேன். ஜன்னலோரமா உட்கார்ந்தா வண்டி தெரியும்."

"சரி... நீ சொன்னா சரி" என்றார் ஷஹாத்தா. உடனே தேநீரைக் குடிக்கத் தொடங்கிவிட்டார். அவர் முகத்தில் வந்த அந்த நிம்மதியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்சாஃபுக்குத் தோன்றியது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுது முடித்தாள்.

பஸ்யூனி வந்து சேர்ந்தபோது ஃபூல் குழைந்திருந்தது. கடைசி வெள்ளிக்கிழமை, மிச்சமிருந்ததோ ஓட்டுநர் பக்கத்துத் தரை மட்டும்தான். அவன் பேட்டரி வயரைக் கழற்றினான். இருக்கையைத் தூக்கி வெளியே வைத்தான். ஒரு வாளித் தண்ணீரையும் நனைத்த சாக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு இன்சாஃப் எதற்குப் பயந்தாளோ அதையே கேட்டான்.

"மாமா, இங்க ஒரு பெட்டி இருக்கு. மூடி துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. உள்ள என்ன?"

தேநீர்க் கோப்பையோடு முற்றத்துக்கு இறங்கி வந்திருந்த ஷஹாத்தா இருமினார். இன்சாஃப் மாடியிலிருந்தே பதில் சொன்னாள். "ஒண்ணுமில்ல தம்பி, பழைய ஸ்பேனர். அப்படியே விட்டுட்டு சுத்திவரப் பத்த வச்சுடு. முதல்ல சாப்பிட வா, ஃபூல் ஆறுது."

"சாப்பிடறேன் மாமி. ஆனா துரு மேல ஒட்டுப் போட்டா நிக்காது. நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டித்தான் ஆகணும். ஒரு விஷயம் மட்டும் புரியல..." அவன் குனிந்து பார்த்தான். "உப்புத் தண்ணி டிக்கியிலதானே கொட்டுச்சு? டிக்கித் தரை புதுசு மாதிரி இருக்கு. இங்கதான் முழுசா அரிச்சிருக்கு."

"பிரேக் போடும்போது முன்னாடி ஓடி வந்திருக்கும்."

"நடுவுல ரெண்டு மேடு இருக்கே மாமி. ஏறி இறங்கியா ஓடுச்சு?"

"டிராம் ஓட்டறவர் பிரேக் போட்டா அப்படித்தான் தம்பி. எல்லாம் ஏறி இறங்கும்."

முற்றத்து ஓரத்தில் உடை தைத்துக்கொண்டிருந்த நிஸ்மா கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கரீமான் சிரிக்கவில்லை. காந்தத்தைக் கையில் உருட்டிக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்யூனி பெட்டியை அப்போதைக்கு விட்டுவிட்டுப் பக்கத்துத் தரையைப் பற்றவைக்க ஆரம்பித்தான். முகமூடியை இறக்கி, இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, தள்ளி இன்னொரு புள்ளி. ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் கோணிவிடும். ஆற விட்டு ஆற விட்டுத்தான் வைக்க வேண்டும். தீப்பொறி முற்றமெங்கும் மத்தாப்பாய்ச் சிதறியது. இன்சாஃப் தட்டில் ஃபூலும் ரொட்டியும் பச்சை வெங்காயமும் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

அப்போதுதான் அது கிளம்பியது.

முதலில் சந்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வசந்தப் பண்டிகைக்கு இன்னும் சில நாள்தான், தெருமுனைக் கடையில் பீப்பாய் திறந்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து, "கடை திறந்துட்டானா? எனக்கு ரெண்டு மீன் சொல்லுங்க" என்று ஒரு குரல்கூட வந்தது. ஆனால் கரீமானின் மூக்கு பத்து வருஷமாக அந்த ஒரே நாற்றத்துக்காகக் காத்திருந்த மூக்கு. அவள் எழுந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஓட்டுநர் பக்கம் வந்து நின்றாள்.

"பஸ்யூனி, அந்தப் பெட்டியைத் திற."

"அண்ணி, அது வெறும் ஸ்பேனர்..."

"திறன்னேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஃபஸீக்கை எதிலும் மறைக்க முடியாது. பஸ்யூனி வெட்டும் சக்கரத்தை வைத்து மூடியை ஓரமாக அறுத்து நெம்பினான். உள்ளே உப்பு கட்டிதட்டிக் கறுத்துக் கிடந்தது. உடைந்த கண்ணாடிச் சில்லுகள். உடையாத குப்பி ஒன்று. அதற்குப் பக்கத்தில், துருவேறி வளைந்த ஒரு முள்கரண்டி.

கரீமான் நெஞ்சில் கை வைத்தாள். "டிக்கியில கொட்டுச்சுன்ன... இங்க ஒளிச்சு வச்சிருக்க. எந் தம்பி உட்கார்ற இடத்துக்குக் கீழ! நாளைக்கு மாட்டினா பழி அவன் மேல போகட்டும்னுதானே? இன்சாஃப், நீ வண்டியைக் கொன்னேன்னுதான் பத்து வருஷமா நினைச்சேன். நீ எங்க வீட்டையே கொல்லப் பார்த்திருக்க."

"அத்தை, போதும்" என்று அழ ஆரம்பித்தாள் நிஸ்மா. "அம்மா, ஏதாவது சொல்லும்மா. எப்பப் பார்த்தாலும் வாயை மூடிக்கிட்டே நிக்கறியே. அம்மா மினிபஸ்ல போனா நானும் மினிபஸ்லதான் போவேன். மாப்பிள்ளை மட்டும் தனியா வண்டியில போகட்டும்."

"நான் எதுக்கு நிஸ்மா தனியா..." என்று தொடங்கிய பஸ்யூனி, கரீமானின் பார்வை பட்டதும் முகமூடியை மறுபடி இறக்கிக்கொண்டான்.

இன்சாஃப் தட்டைக் கீழே வைத்தாள். கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்ற பயம்.

"ஆமா அண்ணி. நான்தான் வச்சேன். இப்பவே எடுத்துப் போட்டுடறேன்." சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டாள்.

"மாமி, தகடு இன்னும் ஆறல!"

அதற்குள் சுட்டுவிட்டது. அறுத்த விளிம்பு இரண்டு விரல்களில் பட்டது. இன்சாஃப் சத்தம் போடவில்லை. கையை உதறி மார்போடு அணைத்துக்கொண்டாள். நிஸ்மா வாளியை நோக்கி ஓடினாள்.

"போதும் இன்சாஃப்." தேநீர்க் கோப்பை கீழே விழுந்து உடைந்தது. எத்தனையோ வருஷம் டிராம் ஓட்டி, லாரிக்கும் குதிரை வண்டிக்கும் அஞ்சாத ஷஹாத்தா, நடு முற்றத்தில் சின்னப் பையன் மாதிரி நின்று அழுதார். "அக்கா, அந்தக் குப்பி என்னுது. கரண்டியும் என்னுது. நான்தான் தின்னேன். அப்பா கட்டிலைப் பிடிச்சு சத்தியம் பண்ணிட்டு, கடலோரத்துல வண்டியை நிறுத்தி வச்சுத் தின்னேன். இவளுக்கு ஃபஸீக்னாலே ஆகாது அக்கா, வாசனை பட்டா வாந்தி எடுப்பா. ஒருநாளாவது நீ யோசிச்சியா? நானும் யோசிக்க விடல. என் பழியை இவ எடுத்துக்கிட்டா. எடுத்துக்கட்டும்னு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

கரீமான் தம்பியைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள். கீழ்த்தளத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நிஸ்மா அம்மாவின் கையை வாளித் தண்ணீரில் பிடித்து வைத்திருந்தாள். இன்சாஃபுக்குக் கை எரிச்சல் தெரியவில்லை. அவள் கண் அந்தக் கதவின் மேலேயே இருந்தது. பத்து வருஷம் எதைத் தடுத்தாளோ அது இப்போது நடக்கப் போகிறது.

நடந்தது. கதவு திறந்தது. கறுப்பு முக்காடு, வெளியூர்ச் செருப்பு, கையில் பை. கரீமான் வாசலை நோக்கி நடந்தாள்.

"அக்கா..."

"என்னைக் கூப்பிடாதடா. சொன்னது சொன்னதுதான். தன்தாவுக்குப் பகல் ரயில் இருக்கு. உன் சாவுக்குச் சொல்லி அனுப்பு, வரேன். அதுவும் முடிஞ்சா."

இன்சாஃப் ஈரக் கையோடு ஓடிவந்து வாசலை மறித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் நாத்தனாரின் வழியை அவள் மறித்தது அதுதான் முதல் தடவை.

"போகக் கூடாது அண்ணி. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் போங்க."

"நீ என்ன சொல்லப் போற? அவன் தின்னான், நீ மறைச்ச. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கினீங்க."

"அவர் தின்னாரு. ஒத்துக்கறேன். ஆனா குப்பி வெடிச்ச அன்னைக்கு ராத்திரி நான் அவர்கிட்ட ஒரு பேரம் பேசினேன் அண்ணி. 'உங்க பழியை நான் சுமக்கறேன். இனி ஒரு துண்டு உங்க வாய்ல போச்சுன்னா, அடுத்த நிமிஷம் உங்கக்காகிட்டப் போய் நிப்பேன்'னேன். அன்னையிலேர்ந்து இன்னைய வரைக்கும் அவர் தொடல. உங்க சத்தியம் ஒரு வருஷம் நின்னுது. என் பழி பத்து வருஷம் நின்னிருக்கு. அவர் கொதிப்பு இறங்கிடுச்சுன்னு வைத்தியர் சொன்னப்ப, நீங்கதானே தெருவுக்கே சர்பத் கொடுத்தீங்க?"

கரீமானின் பை மெல்லக் கீழே இறங்கியது. "அப்ப... பத்து வருஷமா நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேனே. உப்புக்காரின்னேன். பண்டிகைக்குப் பண்டிகை பந்தியிலேர்ந்து எழுப்பினேன். ஒரு தடவை... ஒரே தடவை திருப்பிப் பேசியிருக்கக் கூடாதா நீ?"

"எப்படிப் பேசறது? நீங்க என்னைத் திட்டும்போதெல்லாம் அவர் தலையைக் குனிஞ்சு தட்டையே பார்ப்பார். அன்னைக்கு முழுக்க உப்புக் கிண்ணத்தைத் தொட மாட்டார். உங்க திட்டுதான் அண்ணி அவருக்கு மருந்து. மருந்தை யாராவது நிறுத்துவாங்களா?"

எதிர் ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கரீமான் நிமிர்ந்து அந்தப் பக்கம் முறைத்தாள். முறைத்த கண்ணிலிருந்தே நீர் கொட்டியது.

"பாவி... பாவி... உனக்கு வலிக்கலையாடி?"

"வலிச்சுது அண்ணி." இன்சாஃபின் குரல் உடைந்தது. "இன்னைக்குக் காலையில மினிபஸ்னு சொன்னீங்களே, அதுதான் ரொம்ப வலிச்சுது. மத்ததெல்லாம் பழகிடுச்சு. எம் பொண்ணு போறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும் அண்ணி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கரீமான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுத அழுகையில் யார் முக்காடு யார் முகத்தில் என்று தெரியவில்லை. பிறகு கரீமான் சுட்ட விரல்களைப் பிடித்துப் பார்த்து ஊதினாள். நிஸ்மாவை அனுப்பிக் களிம்பு எடுத்துவரச் சொன்னாள். அந்தப் பைக்குள்ளிருந்து பயணத்துக்கு எடுத்த வெள்ளைத் துணியைத் தேடிக் கிழித்துத் தன் கையாலேயே கட்டுப் போட்டாள். வெள்ளைத் துணியோடு வெளியே வந்த மீன் காந்தத்தை மடியில் செருகிக்கொண்டாள்.

"ஷஹாத்தா."

"அக்கா?"

"வியாழக்கிழமை நீ வண்டி ஓட்ட வேணாம். பஸ்யூனியோட அண்ணன் ஓட்டட்டும். நீ மினிபஸ்ல வா. பாட்டுப் பெட்டியைக் கீழ விழாமப் பிடிச்சுக்கோ."

"சரிக்கா."

"முன் சீட்டுல இன்சாஃப். நான் நடு சீட்டுல. பஸ்யூனி, என்னடா வேடிக்கை? ஃபூல் ஆறிப் போச்சு, சாப்பிட்டுட்டு அந்தப் பெட்டியை அடியோட வெட்டி எடு. நல்ல தகடு வர்ற வரைக்கும்னு சொன்னியே, வெட்டு. எனக்கு அந்த வாசனை ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது."

பஸ்யூனி வெட்டினான். சலவை இயந்திரத்தின் கடைசித் துண்டு அந்த ஓட்டைக்கு அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. மாலைக்குள் புள்ளி புள்ளியாய்ப் பற்றவைத்து, தேய்த்து, சிவப்பு ப்ரைமர் அடித்துவிட்டான். ஷஹாத்தா யாரும் கேட்காமலே துடைப்பத்தை எடுத்து முற்றத்தைக் கூட்டினார்.

வியாழக்கிழமை மாலை, தெருவே கூடிக் குலவையிட, பாலாடை நிற வண்டி பல வருஷத்துக்குப் பிறகு சந்தை விட்டு வெளியே வந்தது. முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இன்சாஃப். கட்டுப் போட்ட விரல்களால் மகள் தைத்துக் கொடுத்த நீல உடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடற்கரைச் சாலையில் ஹாரன்கள் போட்டி போட்டன. பின்னால் மினிபஸ்ஸின் ஜன்னலில் ஷஹாத்தாவின் தலை தெரிந்தது. பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, எல்லோரையும் விட உரக்கப் பாடிக்கொண்டு வந்தார்.

டிராம் தண்டவாளத்தில் வண்டி குலுங்கியபோது கரீமான் பழக்க தோஷத்தில் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள். பிறகு மெல்ல இறக்கித் தரையை மிதித்துப் பார்த்தாள். தரை அசையவில்லை.

"என்ன அண்ணி, செருப்பு பத்திரமா இருக்கா?" என்றாள் இன்சாஃப் திரும்பி.

கரீமான் மடியிலிருந்து காந்தத்தை எடுத்தாள். குனிந்து முன் இருக்கைக்குக் கீழே, இன்சாஃபின் காலடியில் வைத்தாள். டக்கென்று பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுத்து, எட்டி, இன்சாஃபின் கன்னத்தில் வைத்தாள்.

"அண்ணி, என்ன விளையாட்டு இது?"

கையை எடுத்ததும் காந்தம் வழுக்கி இன்சாஃபின் மடியில் விழுந்தது. கரீமான் பின்னால் மணக்கோலத்தில் இருந்தவர்களைப் பார்த்து, நிச்சயத்தன்று தங்க வளையலுக்குச் சபையில் சொன்னது போலவே சொன்னாள்.

"பார்த்துக்கோங்க. ஒட்டல."

நிஸ்மா அழவும் சிரிக்கவும் செய்தாள். இன்சாஃப் அந்த மீனைக் கைக்குள் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஒருவன் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்தான்.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் நிறுத்து" என்றாள் கரீமான். "முன் சீட்டுக்காரிக்கு ஒரு சோளம் வாங்கணும். உப்பு போட வேணாம்னு சொல்லு."